இரண்டு சந்தன நிறங்கள்

உறவில் யார் வீட்டுக்கு வண்ணம் பூசினாலும் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நிறங்களில் எது தேவலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது. வாழ்க்கையில் வேறெதிலும் இவ்வளவு தெளிவு எனக்கு வாய்த்ததில்லை. இந்தக் கியாதி தொடங்கியது தாராவியில், எங்கள் ஒற்றை அறை வீட்டில். அப்போது எனக்கு எட்டு வயது.

அம்மாவின் தங்கை எங்களோடு தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சித்தியைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் சுவருக்குப் புது டிஸ்டெம்பர். பெயின்டர் இரண்டு சந்தன நிறங்களைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தீட்டிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ளா," என்றார் அப்பா.

அம்மா அப்படி விடுகிறவள் அல்ல. பட்டப்பகலிலும் ட்யூப்லைட் எரியும் அறை அது. வருகிறவர்கள் அந்த வெளிச்சத்தில்தானே பார்ப்பார்கள்? சித்தியை இழுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் முன்னால் நிறுத்தினாள். கடையில் சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் சித்திக்குச் சுவரைப் போட்டுப் பார்த்தோம்.

"பரீட்சை முடியட்டும்க்கா. பொறவு யார வேணாலும் வரச் சொல்லு."

"மூஞ்சிய நேரா வையிட்டி."

சித்தி இடப்பக்கத்தைக் காட்டினாள். "இதையே அடிச்சிருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதுல சித்தி மூஞ்சி கருப்பாத் தெரியுதும்மா. இந்தப் பக்கம் வந்தா பளிச்சுனு இருக்கு!"

அம்மா சித்தியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள், இடப்பக்கம் இழுத்துப் பார்த்தாள், அசந்துபோனாள். சித்தியோ மறுபடியும் இடப்பக்கமே போய் நின்றுகொண்டு, தனக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்றாள். பாவம், ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டேன். வலப்பக்க நிறமே அறை முழுக்க ஏறியது.

ஞாயிறு சாயங்காலம் வந்தவர்கள் பஜ்ஜியை முடிப்பதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். "பொண்ணு நல்ல நெறம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அடுத்த மாதமே கல்யாணம். தங்கள் குடும்பத்தில் மருமகள் படிப்பதோ வேலைக்குப் போவதோ வழக்கமில்லை என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

அவர்களை வழியனுப்பிவிட்டு, அம்மா எதிர்வீடு வரை போய் என் கண்ணின் அருமையைச் சொல்லிவிட்டு வந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு மட்டும் எப்படிட்டி இவ்வளவு துல்லியமாத் தெரியுது?"

அன்றைக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது என்று எனக்குத் தோன்றியது. பெருந்தன்மையோடு சொன்னேன்: "பாத்துப் பாத்துப் பழகுனா ஒங்களுக்கும் வந்துரும் சித்தி."