மாப்பிள்ளை தொலைந்த படம்

நீலசந்திரா டென்ட் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழித்த காந்தா, ஒரு படத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வருஷம் முழுக்க ஓடிய படங்களில் எது முதல், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று டிசம்பர் மாதம் தீர்ப்புச் சொல்கிறவளே அவள்தான்!

பார்க்காமல் என்ன தீர்ப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காந்தாவுக்குத் திரை எதற்கு? படம் விட்டதும் பெண்கள் வெளியே வருவார்கள். தூங்கும் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வது போலவும், இருட்டில் தடுமாறும் கிழவிக்குக் கை கொடுப்பது போலவும் ஒவ்வொருத்தியின் முந்தானையையும் தொட்டுப் பார்த்துவிடுவாள். "முந்தானை நனைஞ்சாத்தான் அது படம். நனையலன்னா வெறும் வெளிச்சம்" என்பது அவள் சட்டம். படங்களின் பெயர்கூட அவளுக்கு வேண்டாம். அண்ணன் கண் போன படம், மாமியார் விஷம் வெச்ச படம், தங்கச்சி ரயில்ல போன படம் என்று அவளாகவே பெயர் வைப்பாள். பேட்டை முழுக்க அந்தப் பெயர்தான் நிற்கும்.

கொட்டகை முதலாளி கோவிந்தப்பாவுக்கு இதில் முழு நம்பிக்கை. வருஷத்தின் கடைசி வாரம், காந்தா முதல் என்று சொன்ன படத்தை மெஜஸ்டிக் விநியோகஸ்தர்களிடமிருந்து மறுபடி படப்பெட்டி எடுத்து வந்து ஓட்டுவார். அந்த ஒரு படத்தைத்தான். ஜட்கா வண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்து, "காந்தம்மா சொன்ன முதல் படம்!" என்று ஆஸ்டின் டவுன் வரை கூவிக்கொண்டு போவான் வண்டிக்காரன். என் படத்தைச் சொல்லு, என் படத்தைச் சொல்லு என்று கார்த்திகையிலிருந்தே பெண்கள் அவளைப் பிடுங்கி எடுப்பார்கள். பக்கத்து வீட்டு பிரிஜெட் கேக் எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். கேக் உள்ளே போனதே தவிர வாயிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. அவ்வளவு கறார்.

கறாராக இருக்க அவளுக்குக் காரணம் உண்டு. கணவன் பெருமாள்சாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் பாகீரதி கைக்குழந்தை. இருந்தவரை பெருமாள்சாமியின் பெண்டாட்டி, போன பிறகு அறுத்தவள். இவ்வளவுதான் அவளுக்கு இருந்த பெயர். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்று ஒரு பேட்டையே காத்திருந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

பாகீரதிக்குச் சிறுவயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது, ஆனால் இருதயத்தைக் கெடுத்துவிட்டுத்தான் இறங்கியது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். ஓடக்கூடாது, சுமக்கக்கூடாது, மனசு அதிரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுகைப் படம் பார்க்கவும் தடை. விம்மினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஊதுவத்தி உருட்டுவாள், கொட்டகை ஒலிபெருக்கிக் குழாயில் வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டே. அம்மா டிக்கெட் கிழிக்கும் கொட்டகைக்கு மகள் போக வழியில்லை. இதைவிட அநியாயம் உண்டா, சொல்லுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு படம் வந்தது. ஒரே சிரிப்பாம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை காணாமல் போய்விடுகிறான். தேடப் போன மாமனார், வழி தவறி வேறு யார் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மழையில் கொட்டகை காலி. சிரிப்புப் படந்தானே, கால் நீட்டிப் படுக்கவும் இடமிருக்கிறது என்று காந்தா மகளைத் தூக்கி வந்து, வாசலுக்குப் பக்கத்துக் கம்பத்தில் சாய்த்து உட்கார வைத்தாள்.

பாகி சிரித்தாள். அடேயப்பா, என்ன சிரிப்பு! மணலைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். வாசலில் நின்ற காந்தா திரையைப் பார்க்கவில்லை, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இடைவேளைக்கு விளக்குப் போட்டபோது பாகியின் உதடு நீலமாக இருந்தது. காந்தா அலறியடித்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே வீட்டுக்கு ஓடினாள்.

மூச்சு திரும்பிவிட்டது. ஆனால் அவள் எழுந்து உட்காருவதற்குள் பெட்டி மெஜஸ்டிக்குக்குத் திரும்பிப் போய்விட்டது. மூன்று நாள்கூட ஓடாத படம்.

அதிலிருந்து பாகிக்கு ஒரே நினைப்பு. மாப்பிள்ளை எங்கே போனான்? பிரிஜெட் எங்கேயோ கேட்டுவந்து சொல்ல வாயெடுத்தாள். பாகி காதைப் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க ஆன்ட்டி! நானே பார்க்கணும்."

டிசம்பர் பிறந்ததும் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, இந்த வருஷம் அதை முதல்னு சொல்லும்மா."

"எதை?"

"மாப்பிள்ளை தொலைஞ்ச படத்தை. நீ சொன்னா முதலாளி வரவழைப்பாரு இல்ல? மீதிப் பாதி பார்த்துடுவேன்."

"நல்லா இருக்கே கதை! ஒருத்தி முந்தானை நனையல கண்ணு. அதைப் போய் முதல்னு சொன்னா ஊரே காறித் துப்பாதா?"

"ஒரே ஒரு தடவைம்மா."

"இன்னிக்கு உனக்குன்னு சொன்னா நாளைக்கு பிரிஜெட்டுக்குச் சொல்லணும். அப்புறம் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? அதுவுமில்லாம, அன்னிக்கு உன் உதடு போன போக்கைப் பார்த்து எனக்கு உசிரே போச்சு. வேணாம்."

உதட்டை நினைத்துப் பயந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயம் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் வீம்பு. கோவிந்தப்பாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தீர்ப்புச் சொல்கிறவள் போய்க் கெஞ்சுவதா என்று நினைத்தாள். பாவி மனசு!

அந்த வருஷம் முதல் இடம் அண்ணன் கண் போன படத்துக்கு. தமுக்கு அடித்துக்கொண்டு ஜட்கா ஜன்னலைத் தாண்டிப் போனபோது பாகி உருட்டுவதை நிறுத்திக் கேட்டாள். வண்டிக்காரன் படத்தின் பெயரைச் சொல்லும் வரை முகத்தில் ஓர் ஆசை இருந்தது.

"சரிம்மா, போகட்டும். அடுத்த வருஷம் சொல்றியா?"

"அடுத்த வருஷம் கட்டாயம் சொல்றேன், கண்ணு."

மாசி மாதம் ஒரு காலையில், காபி ஆற்றிக்கொண்டு காந்தா திரும்பிப் பார்த்தபோது பாகீரதி போயிருந்தாள். கையில் பாதி உருட்டிய வத்தி இருந்தது.

காந்தா கொட்டகைக்கு மறுபடி வந்து நின்றாள். வயிறு இருக்கிறதே, என்ன செய்வது? டிக்கெட் கிழித்தாள், குழந்தைகளை வாங்கி வைத்துக்கொண்டாள். முந்தானைகளை மட்டும் தொடவில்லை.

டிசம்பரில் கோவிந்தப்பா வந்தார். கேட்க அவருக்கும் சங்கடம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏனம்மா காந்தம்மா, இந்த வருஷம் எதைப் போடலாம்?" என்றார்.

"மாப்பிள்ளை தொலைஞ்ச படம், முதலாளி."

"ஐயோ, அது போன வருஷத்துப் படமல்லவா? அதுவும் ஓடாத படம்."

"முதல் அதுதான்."

"இரண்டாவது, மூன்றாவது?"

"இரண்டாவதும் கிடையாது, மூணாவதும் கிடையாது."

கோவிந்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். போன வருஷ ஐப்பசியில் அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "ஆகட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு மெஜஸ்டிக் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

காந்தம்மா சொன்ன முதல் படம் என்று தமுக்கு அடித்ததும் பேட்டைப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அழுவதற்குத் தயாராக, பழைய புடவை கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கோவிந்தப்பா காந்தாவின் கையிலிருந்த டிக்கெட் கட்டைத் தாமே வாங்கிக்கொண்டார். "உள்ளே போய் உட்காரம்மா. இன்று நான் கிழிக்கிறேன்."

காந்தா அந்தக் கம்பத்தருகே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தாள். ஒருத்தி அங்கே உட்கார வந்தாள்; பிரிஜெட் கையைப் பிடித்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. மாமனார் பந்தியில் உட்கார்ந்ததும் கொட்டகையே குலுங்கியது. பாகி மணலை அடித்துச் சிரித்த இடங்களெல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் காந்தா அடையாளம் கண்டுகொண்டாள். இடைவேளை வந்தது. விளக்குப் போட்டார்கள். அவள் அசையவில்லை. மறுபடி விளக்கை அணைத்தார்கள்.

மீதிப் பாதியும் வந்தது. ஆற்றங்கரை, சந்தை, அடுத்த ஊர் என்று எல்லாரும் மாப்பிள்ளையைத் தேடி ஓய்ந்து திரும்பினார்கள். அவனோ சொந்த வீட்டுப் பரணில், வாழையிலைக் கட்டுக்குப் பின்னால், கல்யாண வேட்டியோடு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி முந்தானையும் நனையவில்லை, காந்தா ஒருத்தியுடையதைத் தவிர. அது மடிவரை நனைந்திருந்தது.

விளக்குப் போட்டார்கள். எல்லாரும் எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினார்கள். காந்தா பக்கத்து மணலில் கையை வைத்துக்கொண்டு, ஆளிருப்பது போல மெல்லச் சொன்னாள்:

"வீட்டுலயேதான் இருந்திருக்கான், பாகி. இவ்வளவுதான் கண்ணு. இதைக் காட்டாம விட்டுட்டேனே."

பிரிஜெட்டுக்குக் காதில் விழுந்தது. கூட்டம் முழுக்க வெளியே போகிறவரை அவளும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.