கனகம்மாசத்திரத்து அம்பாசிடர்

எங்கள் நைனா வாங்காமல் விட்ட கார்கள் மூன்று. வாங்கிய கார் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் யாராவது கார் பேச்சை எடுத்துவிட்டால், மூன்று கார்களை வைத்து ஓட்டிச் சலித்துப்போனவர் மாதிரிதான் பேசுவார். எதற்கு இரண்டாவது கியர் இறுகும், எதன் பின்கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம்.

புதுக் கார் மேல் அவருக்கு ஆசையே இருந்ததில்லை. "புதுசு இன்னா, காசு இருந்தா எவன் வேணாலும் வாங்கிகினு போவான்" என்பார். பழைய கார் என்றால் அதை வைத்திருந்தவரின் குணம் அதில் தெரியுமாம். அந்தக் குணத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே அவர் பல வீட்டு வாசல்களில் செருப்பைக் கழற்றிவிட்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்.

அப்போது நைனாவுக்குப் பள்ளிப்பட்டில் நான்கு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. வீடு திருத்தணியில். தினமும் ஸ்கூட்டரில் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஸ்கூட்டரில் நாங்கள் மூவரும் போவோம். நான் முன்னால் நின்றுகொள்வேன், அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துகொள்வாள். எனக்கு எட்டு வயது. மூன்று பேருக்கு ஒரு ஸ்கூட்டர் தாராளம் என்பது என் அபிப்பிராயம். முன்னால் நிற்பவளுக்குத்தானே காற்று முழுக்க.

முதலில் தவறியது ஒரு பத்மினி கார். பள்ளிப்பட்டில் ஒரு நூல் வியாபாரி விற்க இருந்தார். நைனா மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு, ஆடி மாசத்தில் வண்டி வாங்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று வந்துவிட்டார். ஆவணி பிறந்தது. ஆடியைப் பற்றிக் கவலைப்படாத ஒருத்தர் அதற்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். பிறகு ஒருநாள் திருத்தணி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அதே பத்மினி நிற்பதைப் பார்த்து, நைனா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய்ப் புதுச் சொந்தக்காரரிடம் இரண்டாவது கியரைப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் நைனாவை ஏற இறங்கப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது, ஆர்.கே.பேட்டையில் ஒரு ஜீப். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், எஞ்சினில் காது வைத்துக் கேட்டார், நன்றாக யோசித்துச் சொல்கிறேன் என்றார். நன்றாகத்தான் யோசித்தார். மறுநாள் அவரே வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் தட்டில் இருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது எனக்குத்தான் வந்தது.

மூன்றாவதுதான் கனகம்மாசத்திரத்து அம்பாசிடர். ரிட்டயரான ஒரு ஹெட்மாஸ்டருடையது. பாலாடை நிறம். வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, அதற்குள்ளும் வண்டிக்குத் தனியாக ஒரு போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. விற்றாக வேண்டும், ஆனால் கண்டவன் கையில் கொடுக்க மனசில்லை. நைனா வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாராம். ஹெட்மாஸ்டருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நைனா நடந்தது தரையிலேயே இல்லை. தறிக் கொட்டகைக்குப் போவதற்கு முன்னால் வாசலில் நின்று, தெருவை அடைக்காமல் வண்டியை எப்படித் திருப்பி நிறுத்துவது என்று காலால் அளந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

அந்தச் சனிக்கிழமை என்று நினைக்கிறேன். வெளியே விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தேன். பின்பக்கம் குழாயடியில் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணிக்கட்டில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இரண்டு தங்க வளையல்கள் உண்டு. கல்யாணத்தில் போட்டது. அவை கழன்று நான் பார்த்ததே இல்லை. ஒன்று ஏற்கெனவே இறங்கி, துணி துவைக்கும் கல்லின் மேல் இருந்தது. இன்னொன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோப்பு பட்டுட்ச்சிடி" என்றாள்.

நான் நம்பவில்லை. என்னோடு படித்த ஒருத்தியின் அம்மாவுடைய வளையல் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை என்று எங்கள் வகுப்பு முழுக்கத் தெரியும். ஆக, நைனா கேட்டிருக்கிறார், அம்மா அழுதுகொண்டே கழற்றுகிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து எனக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகவில்லை, பார்த்ததே இல்லை என்றாலும். நைனாவைக் கண்டாலும் ஆகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க மாட்டேன் என்று சொல்லி, அம்மாவுக்கும் ஸ்டெப்னி டயருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போனேன். என் கோபம் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் அதில் பெரிய வருத்தம்.

அன்று சாயங்காலம் அம்மா வளையல்களை ஒரு கைக்குட்டையில் வைத்து நைனா முன்னால் நீட்டினாள். நைனா அதைத் தொடவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மலைக்குப் போய்ப் பூ போட்டுப் பார்த்துவிடலாம், சாமி சரி என்றால் வாங்கலாம் என்றார்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வேணும்ங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் கடுகடுப்பாக. அந்தக் கடுகடுப்பு மட்டும் என் காதில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது எனக்கு.

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் பூ போட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே மாதிரிக் காகிதத்தில், ஒரே அளவில். அர்ச்சனைத் தட்டில் வைத்து சாமி காலடிக்குப் போய் வந்த பிறகு, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் விவரம் தெரியாத குழந்தை நான்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டுப் படியேறினோம். நைனா பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அடுத்த தபா கார்லயே மேல வந்துடலாம்" என்றார். அம்மா சிரித்தாள். எதற்காக இந்தச் சமயத்தில் சிரிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அர்ச்சனை முடிந்து தட்டு திரும்பி வந்தது. பிரகாரத்தில் கூட்டம் இல்லாத ஒரு மூலையாகப் பார்த்து நின்றோம். அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டாள். உடைத்த தேங்காய், வாழைப்பழம், விபூதி, நடுவில் இரண்டு பொட்டலம். நைனா என் தலையில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

நான் பயபக்தியோடு குனிந்தேன். மூக்கு தட்டில் படுகிற மாதிரியே குனிந்தேன். வலது பக்கத்துப் பொட்டலத்திலிருந்து மல்லி வாசனை வந்தது. தேங்காய்த் தண்ணீர், விபூதி எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு வந்தது. எனக்கு மல்லி என்றால் உயிர், எத்தனை தூரத்தில் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவேன். இடது பக்கத்தில் ஒரு வாசனையும் இல்லை. செவ்வரளிக்கு ஏது வாசனை.

சாமியை ஏமாற்றுகிறோம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. குழாயடியில் அம்மா உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன். கையை நீட்டி இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து நைனாவிடம் கொடுத்தேன்.

நைனா பிரித்தார். சிவப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரி, சொல்லிட்டான்" என்றார். அம்மா தட்டைக் கீழே வைத்தாள். குனிந்து என்னை இழுத்து அணைத்து, என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை. அவள் வளையலைக் காப்பாற்றியது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே என்னை இப்படிக் கட்டிக்கொள்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நைனா தானே கனகம்மாசத்திரம் போய் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். வண்டி எல்லை தாண்டி நகரிப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். வளையல்கள் அம்மா கைக்குத் திரும்பின. நான் ஒரு வாரம் சாமி கண்ணைக் குத்திவிடுமோ என்று காலையில் எழுந்ததும் முதலில் இரண்டு கண்ணையும் திறந்து சோதித்துப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. நைனா அதற்குப் பிறகு யார் வீட்டு வாசலிலும் கார் பார்க்கப் போய் நிற்கவில்லை. அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். இருவருக்கும் இப்போது படியேற முடிவதில்லை. வாடகைக்கு ஒரு கார் பிடித்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நைனா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்து வண்டிகளின் இரும்பைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். டிரைவர் பாவம், எல்லாவற்றுக்கும் ஆங் ஆங் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி, சிரிக்காத. அன்னிக்கி அம்பாசிடருக்கு பூ போட்டமே, பொட்லம் கட்னது நான்தான். வெள்ளைக்கு அரளி வெக்காம மல்லிய வெச்சேன். கண்ண மூடிகினாலும் மல்லி எங்க கீதுன்னு நீ கண்டுபுடிச்சி அதத்தான் எடுப்பன்னு தெரியும். எந்தலையில கூட அன்னிக்கி பூ வெச்சிக்கல, வாசன கொழம்பிடப் போவுதுன்னு."

"உனக்கு கார் வேணுமா இருந்திச்சாமா?" என்றேன்.

"எனக்கு எதுக்குடி கார். அந்த மனுஷனுக்கு வேணும்."

"நைனா வளையல கேட்டாருன்னு அழுதியே, கொழாயாண்ட."

"அவரு எங்க கேட்டாரு? நானாத்தான் கழட்டனேன். கை வீங்கிகினு எறங்க மாட்டேன்னுட்ச்சி. தோலே உரிஞ்சி போச்சி, உயிர் போற வலி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு கோபுரம் தெரிந்த பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாம்ப பண்ற திருட்டுத்தனம் அவனுக்குத் தெரியாம இருக்குமா? மல்லிய வெச்சும், உங்கையால செவப்பத்தான் எடுத்துக் குடுத்தான். அன்னியிலேருந்து அவங்கிட்ட நான் எதையும் மறைக்கிறதில்ல."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் பிடித்துக்கொண்டிருக்கும் சாமியை நான் எப்படிப் பிடுங்குவது? அதற்குள் நைனா திரும்பிப் பார்த்து, "இன்னா, பின்னால ஒரே பேச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்றாள் அம்மா. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பிரகாரத்தில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டதை எனக்குக் கிடைத்த பரிசாகத்தான் இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். தன் முகத்தை நைனா பார்த்துவிடக் கூடாது என்றுதான் என் தலையில் அதைப் புதைத்துக்கொண்டாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.