வலது தோளில் ஒட்டிய பூ

"பாப்பா வரலைங்களா? கையெழுத்து அவங்கதான் போடணும்" என்றார் கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண்மணி. எனக்குச் சுர்ரென்று வந்தது. "பாப்பாவுக்கு இல்லைங்க, படிக்கப் போறது நான்தான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும். பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் யாராவது அந்த அறையில் இருந்திருந்தால், அங்கேயே ஒரு சண்டை போட்டிருப்பேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போனிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். "பி.காம் படிம்மா. வீட்டுல இருந்தே படிக்கலாம், எங்காவது கணக்கெழுதப் போகலாம்." நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். ஆனால் அங்கே மாலை வகுப்புகளில் வணிகப் பொருளாதாரம் என்று ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள், சொன்னாள்: "பி.காம்ல கணக்கு எழுதப் படிப்பீங்க. இதுல ஒரு பொருளை ஜனங்க ஏன் வாங்குறாங்க, ஏன் திடீர்னு வாங்காம விட்டுடறாங்கன்னு படிப்பீங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் வெட் கிரைண்டர் செய்தவர். வீட்டை ஒட்டியே பட்டறை. முடித்த கிரைண்டர்களை வரிசையாக வைத்து வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பார். அந்தக் கடகட சத்தத்தில்தான் என் மகள் தூங்கி வளர்ந்தாள். வியாபாரம் நன்றாக இருந்தபோது பக்கத்து இடத்தில் பெரிய ஷெட் போட்டார். போட்ட கொஞ்ச காலத்திலேயே ஆர்டர் குறைந்தது, அப்புறம் நின்றே போனது. கல்லிலும் குறை இல்லை, மோட்டாரிலும் குறை இல்லை. சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக் கேட்பார்: "நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லு?" எனக்கு என்ன தெரியும்? ஒரு மத்தியானம் அந்த ஷெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைக்குக் கடை மாவு பாக்கெட் வந்துவிட்டது என்றார் ஒருவர். வரி என்றார் இன்னொருவர். ஷெட்டின் வாசல் திசை சரியில்லை என்றார் ஒரு மகானுபாவர். அவரை வெளியே தள்ளாமல் விட்டதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். எல்லோரும் போன பிறகு என் கணவருடைய கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பட்டறையைப் பூட்டி மின்சாரத்தையும் துண்டித்தாயிற்று. ஆனாலும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது கிரைண்டர்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். பயமாக இருக்கும். சத்தம் நின்றுவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கும்.

கல்லூரியில் இருந்து வந்து என் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். நானும் அவரும் மட்டும்தான் வீட்டில். "எதைப் படிக்கறதுன்னு சாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணு அம்மணி" என்றார். எங்கள் குலதெய்வக் கோயில் அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஈரப்பூவை சாமியின் இரண்டு தோளிலும் ஒட்டிவிட்டுப் பூசாரி வெளியே போய்விடுவார். வலது பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடது விழுந்தால் இல்லை. கேட்டவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கூட வந்த மூத்தவர்தான் பார்த்துச் சொல்வார். ஷெட் போடலாமா என்று என் கணவரும் அங்கேதான் கேட்டார். அன்றைக்கும் மாமியார்தான் கூடப் போனார். வலது பூ விழுந்தது என்று கணவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் போனோம். வணிகப் பொருளாதாரம் படிக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய் வாசனையும் வவ்வால் வாடையும் மூக்கில் ஏறின. என் தோளுக்குப் பின்னால் என் கணவர் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் மாமியார், "வலதுதான் அம்மணி. சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவருக்கும் வலதுதானுங்களே அத்தை விழுந்துச்சு? அந்த உத்தரவை நம்பித்தானே ஷெட் போட்டாரு? இதை நான் எப்படிங்க நம்பறது?"

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அன்னைக்கு இடதுதான் விழுந்துச்சு கண்ணு. எம்பட பையன் மொகத்துல அத்தனை ஆசை. எனக்கு மனசு வரலை. வலதுன்னு சொல்லிப்போட்டேன்."

இத்தனை காலமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, இந்த மனுஷி இதையும் சுமந்துகொண்டா இருந்தார்?

"இன்னைக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னைக்கு நானும் கண்ணைத் தொறக்கவே இல்லை அம்மணி. எது விழுந்துச்சோ தெரியாது. நீ போய்ப் படி. ஷெட் போட்டதாலதான் எல்லாம் போச்சா, போடாம இருந்தாலும் போயிருக்குமான்னு படிச்சுப் பாத்து எங்கிட்டச் சொல்லு. அவனை நாந்தான் கொன்னுபோட்டனான்னு தெரிஞ்சுக்கோணும்."

அடுத்த நாளே போய்ச் சேர்ந்தேன். மகள் போனில் கத்தினாள், கத்தட்டும். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார்.

"அந்தப் பாடம் இன்னும் வரலைங்க அத்தை" என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.