செங்கல்பட்டு வரை

பேரனின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும்போது எழுந்த ரப்பர் சொல்யூஷன் வாடை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வண்டிக் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்.

ஞாயிறுதோறும் செங்கல்பட்டு வரை மிதித்துப்போய் வரும் அண்ணா, சனிக்கிழமை மத்தியானங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவான். சின்ன வயதிலேயே கணவனை இழந்து வீடு திரும்பியிருந்த கௌரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பெடலைக் கையால் சுற்றிவிட்டு, கம்பிகள் மறைந்து சக்கரம் வெறும் மினுமினுப்பாகிற வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கொட்டகைக்குள்ளேயே அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவன் பிடியை விட்டபிறகும் விழாமல் வளைந்து வந்தவள், "கையை விட்டுட்டியாடா? நானேவா ஓட்டிண்டிருக்கேன்?" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா வந்து நின்றார்.

"கௌரி, உள்ளே போ."

அதற்குப்பின் அவள் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் அண்ணா புழுதியோடு திரும்பியதும், கொல்லைக்கதவோரம் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பாள். அவன் போன வழியைச் சொல்வான்: "சைதாப்பேட்டை, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி..."

கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"மெதுவாச் சொல்லுடா, அதுக்குள்ள செங்கல்பட்டு வந்துடறதே."