பச்சையம்மாள் ஏற ஒரு பேட்டரி வண்டி

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் டீசல் போட பங்க்குக்குப் போக வேண்டும். புத்திமதி மட்டும் வீடு தேடி வந்து டேங்கை நிரப்பிவிட்டுப் போகும்.

நான் செஞ்சியில் கார் ஓட்டுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து ஊர் அனந்தபுரத்திலிருந்து மூன்று பேரை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு ஏற்றிப் போவது என் நிரந்தர டிரிப். மூவரில் மூத்தவர் பச்சையம்மாள் அக்கா. ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்பும்போது என் பழைய வண்டியின் டீசல் நாற்றம் பட்டாலே வாந்திதான். போன சித்திரையில் திண்டிவனம் தாண்டி வண்டி நின்றுபோனது. மாற்று வண்டி பிடித்துப் போவதற்குள் அக்காவுடைய மிஷின் நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது. மறுநாள் மூச்சு வாங்க, தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு முடிவு பண்ணினேன், நாற்றம் இல்லாத பேட்டரி வண்டிதான் என்று. அலசி அலசி இரண்டில் வந்து நின்றது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். இரண்டும் பெரிய குடும்ப வண்டி, அக்கா தங்கை மாதிரி ஒரே சாயல். வாழ்க்கையில் எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு லோன்தான். தப்பான வண்டி எடுத்தால் பச்சையம்மாள் அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரமாட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நீங்களும் வண்டி வாங்கப் போனவர்கள் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

ஓட்டுகிறவர் யார்?

நீல வண்டி ஷோரூமுக்கு வீட்டுக்காரரையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. விற்பனைத் தம்பி அவரைத்தான் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். மோட்டார் சக்தி, பேட்டரி வாரண்டி எல்லாம் அவரிடம். என்னைப் பின்சீட்டில் ஏற்றி, "மேடம், இங்க பாருங்க, குழந்தைக்கு டிபன் வைக்க மடக்குப் பலகை" என்றான்.

பேட்டரி சூடானால் வேகம் குறையுமா என்று நான் கேட்டேன். பதிலை அவரைப் பார்த்துச் சொன்னான். சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அதையும் அவரைப் பார்த்தே சொன்னான். அவர் பாவம், ஸ்டியரிங்கை சாமி சிலை மாதிரி தொடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "தம்பி, வண்டி ஓட்டுறது அவங்கதாம்பா. டாக்சி பேட்ஜ் எடுத்து அஞ்சு வருசம் ஆவுது. எனக்கு இதுல ஹாரன் எங்க இருக்குதுன்னு கூடத் தெரியாது" என்றார். தம்பி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். அப்படியும் கேள்வி அவரிடம்தான்: "அப்போ சார், மேடம் ஓட்டிப் பழகுறதுக்கு சின்ன வண்டியா ஒண்ணு காட்டட்டுமா?"

நாலு சக்கரம்

போனில் இரண்டு வண்டியையும் ஒப்பிட்டு வீடியோ போடுகிறவர்கள் எத்தனை பேர்! எல்லாவற்றையும் பார்த்தேன். டிஸ்ப்ளே எத்தனை அங்குலம், பாட்டுப் பெட்டி எத்தனை, ராத்திரியில் எத்தனை கலரில் லைட் எரியும் என்று அளக்கிறார்கள். கூரையில் கண்ணாடி வைத்திருப்பதை இருவண்டிக்கும் புகழ்கிறார்கள். செஞ்சியில் மூன்று கல்மலையும் சேர்ந்து கக்குகிற சூட்டில் மேலே கண்ணாடி வைத்துக்கொண்டு நான் என்ன வடகமா காயப்போடுவது? உடம்புக்கு முடியாத ஒருவர் பின்சீட்டில் ஏறி இறங்குவது எப்படி என்று ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடக் காட்டவில்லை.

சரி, தொழில் தெரிந்தவரைக் கேட்போம் என்று ஸ்டாண்டில் வேன் ஓட்டும் ஏழுமலை அண்ணனிடம் போனேன். இரண்டு வண்டியின் விளம்பரப் புத்தகத்தையும் வாங்கி, ஒன்றால் விசிறிக்கொண்டு, மற்றதில் டீ கிளாஸை வைத்தார். "இன்னாம்மா பெரிய ஆராய்ச்சி? அதுக்கும் நாலு சக்கரம், இதுக்கும் நாலு சக்கரம். அமாவாசை அன்னைக்கு மேல்மலையனூர் கூட்டத்துல சார்ஜ் எறங்கி நின்னுச்சுன்னா, ரெண்டையும் அங்காளம்மாதான் எறங்கி வந்து தள்ளணும்!"

அரிசிக்கு பெல்ட்

வெள்ளை வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டக் கொடுத்தார்கள். வந்த தம்பி தங்கமான பேச்சு. ஒரு சார்ஜில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றான். யாரை ஏற்றிக்கொண்டு, எந்த வெயிலில், ஏசி எத்தனையில் வைத்து என்று கேட்டேன். "அது கம்பெனி டெஸ்ட் மேடம்" என்றான். என் டெஸ்ட் வேறு. பக்கத்து அரிசி மண்டியில் சொல்லி இருபத்தாறு கிலோ சிப்பம் ஆறு வாங்கி, ஒரு ஆளுக்கு இரண்டு என்று பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்தேன். வண்டி கிளம்பியதும் கீ கீ என்று கத்தியது. ஆள் பெல்ட் போடவில்லையாம். இறங்கி மூன்று ஜோடி மூட்டைக்கும் பெல்ட் மாட்டினேன். தெருவே நின்று பார்த்தது.

சிங்கவரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம், முதுகில் வேர்வை ஊறியது. பார்த்தால் ஏசி அணைந்திருக்கிறது. நான் அணைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கக்கம்பிதான், நான் பள்ளம் பார்த்து ஓட்டும்போது, பேட்டரி கணக்கு வேகமாக இறங்காமல் இருக்க நைசாக அணைத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். "டயாலிசிஸ் முடிச்சு வர்றவங்களை இந்த வெயில்ல ஏசி இல்லாம கூட்டிட்டு வந்து, அவங்க மயங்கி விழுந்தா உங்க கம்பெனி டெஸ்ட்டா வந்து தூக்கும்?" என்று கேட்டேன். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது: "மேடம், எல்லாரும் டெஸ்ட் டிரைவுக்கு ஃபேமிலியோட வருவாங்க. அரிசியோட வந்து சண்டை போடுறது நீங்க ஒருத்தர்தான்!"

வாடிக்கையாளர்

பிறகு நீல வண்டியையும் அதே மூட்டைகளோடு ஓட்டிப் பார்த்தேன். ஏசி போட்டு ஓட்டியதில் இரண்டு வண்டியுமே பாண்டிச்சேரி போய்த் திரும்பும் என்று தெரிந்துவிட்டது. வெள்ளை கொஞ்சம் கூடவே ஓடும். மனது அந்தப் பக்கம் சாய்ந்தது. அட்வான்ஸ் கட்டும் முன்பு பச்சையம்மாள் அக்காவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று வெள்ளை வண்டி ஷோரூமுக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் விஷயம் உடைந்தது.

அந்த வண்டிக்குக் கதவுக் கைப்பிடி வெளியே கிடையாது. கதவோடு கதவாகப் பதுங்கியிருக்கும். ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மறுமுனை எழும்பும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். அக்காவுக்கு டயாலிசிஸ் ஊசி ஏற்றும் நரம்பு இடது கையில். அந்தக் கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது. வலது கையால் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிற்கவே முடியும். பழைய வண்டியில் கைப்பிடியைப் பிடித்தே நிற்பார், அதையே இழுத்துத் திறப்பார். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. வழவழவென்று தகரம். அக்கா தடவித் தடவிப் பார்த்துத் தடுமாறினார்.

மேனேஜர் வந்தார். டிரைவர் இறங்கித் திறந்துவிட்டால் ஆயிற்று என்றார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் இறங்கினால் செக்யூரிட்டி விசில் அடிப்பார், வண்டி உருளும்போதே ஆள் ஏறி இறங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை. அக்காவின் கையிலிருந்த பேண்டேஜையும் தூசி படிந்த செருப்பையும் பார்த்தார். "மேடம், பேஷண்ட்டையெல்லாம் இங்க கூட்டிட்டு வராதீங்க. மத்த கஸ்டமர் பார்த்தா ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றார்.

 பத்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் முழுவதும் நாக்கு நுனிக்கு வந்தது, அதில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் தோளைப் பிடித்து நிமிர்ந்து நின்றார். மூச்சு வாங்கியபடி, ஆனால் ஷோரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "யோவ், இவ டிரைவரு. வாரத்துக்கு ரெண்டு நாளு இந்த வண்டியில உட்காரப்போறது நானு. அப்ப கஸ்டமரு யாருய்யா?"

முதல் டிரிப்

நீல வண்டிதான் எடுத்தேன். டிஸ்ப்ளே சின்னது, ஓடுவதும் கொஞ்சம் குறைவு, கைப்பிடி மட்டும் நம் வீட்டு பீரோவுக்கு இருக்கிற மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். முதல் நாள் அனந்தபுரத்தில் நிறுத்தி, பழக்கதோஷத்தில் கதவைத் திறக்க இந்தப் பக்கம் ஓடிவந்தேன். அதற்குள் அக்கா வலது கையால் பிடித்து, நின்று, இழுத்து, ஏறி, உட்கார்ந்து, மற்ற இருவருக்கும் இடம் விட்டு நகர்ந்தும் ஆகிவிட்டது. வண்டியில் டீசல் நாற்றம் இல்லை. ஏசி ஜில்லென்றிருந்தது. நான் வெறுங்கையோடு கதவோரம் நின்றேன்.

"இன்னாடி வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? மிஷினு டைம் ஆவுது, ஏறு!"

வெள்ளைக்கும் நீலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு இப்போதும் எனக்கு போன் வருகிறது, ஒரு கைப்பிடிதான் என்று உண்மையைச் சொன்னால் ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு, ஏழுமலை அண்ணனைக் கேட்கப் போய்விடுகிறார்கள்.