மரகதம் நர்சம்மா ஃபெயில் இல்லை

மரகதத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய கருப்பு பெல்ட்டை நாங்கள் கொடுக்கவில்லை. பெண் என்பதால் கொடுக்கவில்லை. வேறு காரணம் யார் சொன்னாலும் பொய்.

இன்று காலை ஜமுனாமரத்தூரில் அவர் இறந்துவிட்டார்...

இங்கே பலருக்கு அவரை ரிட்டயரான நர்சம்மாவாகத்தான் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் சந்தை மைதானத்தில் நடந்த கராத்தே வகுப்பில் எங்களோடு நின்ற ஒரே பெண் அவர்.

மருந்துப் பெட்டியோடு மலைக் கிராமங்களுக்குத் தனியாக நடக்கிற வேலை. "கப்பு, மெடலுல்லாம் வாணாங்க மாஸ்டர். வழியில எவனாவது மறிச்சா நான் வூடு வந்து சேரணும், அவ்ளோதான்" என்று சொல்லித்தான் சேர்ந்தார்.

எனக்கு அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரிலிருந்து பஸ் ஏறி வருவார்.

எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வரிசையாகச் செய்யும் அசைவுகளுக்குக் கட்டா என்று பெயர். அதில் ஒன்று கொக்கு கட்டா.

மாஸ்டர் 'கொக்கு' என்று சொன்னதும் எங்களுக்கு நினைவு வந்தது ஏரியில் மீனுக்குக் காத்திருக்கிற கொக்குதான். ஆகவே ஒற்றைக்காலில் நின்றோம்... நின்றோம்... நின்றுகொண்டே இருந்தோம். ஆடாமல் நிற்பவன் கெட்டிக்காரன்.

புளி மூட்டையோடு போகிறவர்கள், "இன்னாடா, மீனு சிக்குச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களை நானாகவே படித்தவன். ஒகினாவா தீவில் அந்தக் கட்டாவுக்குச் சின்டோ என்றுதான் பெயர். கொக்குப் பெயர் பிற்பாடு ஜப்பானில் வைத்தது என்று அவற்றில் இருந்தது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. சீனாவில் ஒரு பெண், கொக்கு ஒன்றை விரட்டக் கழியை ஓங்கினாளாம். பறவை விலகி, இறக்கையால் கழியைத் தள்ளிவிட்டு, அலகால் குத்தியதாம். அதைப் பார்த்து அவள் உண்டாக்கிய சண்டை முறை வியாபாரிகளோடு கடல் தாண்டி ஒகினாவாவுக்கு வந்தது என்பார்கள். கதைதான். ஆனால் பலம் குறைந்தவர் பலசாலியிடமிருந்து தப்பிக்கும் முறை அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதைச் சொன்னபோது மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கண்டுபுடிச்சதே ஒரு பொம்பளயாண்ணா? மாஸ்டராண்ட சொல்லிடாதீங்க. கிளாஸையே இழுத்து மூடிடுவாரு."

ஒருநாள் புதூர்நாட்டுப் பக்கம் போய்விட்டு நேராக என் கடைக்கு வந்தார். வழியில் ஒரு குடிகாரன் மறித்திருக்கிறான்.

"கால தட்டி வுட வந்தாண்ணா. சட்டுனு தூக்கிட்டேன். தூக்குன கால அவன் பாதத்து மேலயே வெச்சு மெதிச்சுட்டு ஓடியாந்துட்டேன். பொட்டி கூட கீழ வுழல."

எனக்கு ஒரே சந்தோஷம். தூக்கிய கால் நிற்பதற்கு இல்லை, தப்பிக்கவும் மிதிக்கவும்தான் என்று நான் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டதல்லவா? அப்போது கை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னேன்.

உங்களுக்கு அடி பட்டதா என்று கேட்கவில்லை.

பெல்ட் பரீட்சையில் மரகதம் அதையேதான் செய்தார். கால் மேலே போனது, உடனே முன்னால் இறங்கியது. வரிசையில் இருந்த கோவிந்தன், "இன்னா நர்சம்மா, கொக்கு அதுக்குள்ள பறந்துடுச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மாஸ்டர், "கால கீழ வெச்சுட்டீங்க. ஃபெயில்" என்றார்.

"கால வாற வர்றவன் கைக்குச் சிக்கக் கூடாதுன்னுதான சார் தூக்கறது? தூக்கிக்கினே நின்னா இன்னா ஆவறது?"

"பொம்பளைங்களுக்கு இது போதும்மா. போய் ஒக்காருங்க."

அன்று கோவிந்தனும் இரண்டு மூன்று முறை தடுமாறிக் காலை ஊன்றினான். அவனுக்குப் பெல்ட் கிடைத்தது. மரம் மாதிரி நின்ற எனக்கும் கிடைத்தது.

நான் மாஸ்டரோடு சண்டை போட்டேன் என்று ஊருக்கே தெரியும். வகுப்பை விட்டே வெளியேறினேன். ஆனால் அன்று நான் கத்தியது முழுக்கச் சின்டோ, சீனா, கழி, இறக்கை... மரகதத்துக்குப் பெல்ட் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொக்குக்காகச் சண்டை போட்டேன். அவருக்காகப் போடவில்லை.

அவர் மைதானத்தின் ஓரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

இந்தப் பக்கத்தில் கொக்கு கட்டாவைப் பற்றி எத்தனை பதிவு போட்டிருப்பேன். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. எழுதவே கூசுகிறது.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவருடைய மகள் என்னிடம், "எங்கம்மா கராத்தேல ஃபெயிலாமே அங்கிள்?" என்று சிரித்தாள். "ஆமாண்டி, ஃபெயிலுதான்" என்று மரகதமும் சிரித்தார். பக்கத்தில் நின்ற நான் கொக்குக்கும் நாரைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்...

போய்ட்டு வாங்க நர்சம்மா.

இனி ஆகவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் இப்போது இல்லை. வகுப்பை நடத்துகிற அவர் மகன், அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'மறைவுக்குப் பின் கௌரவம்' என்றெல்லாம் ஜோடிக்கக் கூடாது.

கோவிந்தா, நீ இதைப் படிப்பாய். கமெண்டில் கும்பிடுகிற பொம்மை போடாதே. நாளை அடக்கத்துக்கு நேரில் வர வேண்டும், சிரித்தவர்களையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

மலையில் இப்போது வகுப்பு எடுக்கிறவர்கள், தூக்கிய கால் இறங்கத்தான் வேண்டும் என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். யார் செய்து காட்டியது என்றும் சொல்ல வேண்டும்.

மகள் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டாள். உங்கம்மா ஃபெயில் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு முன்னால் யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.