பிரித்துப் பிரித்துக் கட்டிய குடில்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கோயில் இருந்ததாம், அதற்கு ஒரே ஒரு சாவியாம். எங்கள் தாத்தா கதை தொடங்குகிற மாதிரிச் சொன்னால் என் வேலை இதுதான். ஊர் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே நாவுல பக்கம், சாவி என் கையில். கதவு திறக்க, மணி அடிக்க, மெழுகுதிரி மாற்ற, கூட்டிப் பெருக்க நான்தான். இந்த வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் "மனதைத் தயார் செய்யுங்கள்" என்று பாதர் பிரசங்கத்தில் சொல்வார், சனம் பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து பல்ப் மாலை எங்கே என்று கேட்கும்.

நாலு மெழுகுதிரி

திருவருகைக்கு மூன்று ஊதா மெழுகுதிரியும் ஒரு ரோஸ் மெழுகுதிரியும் வேண்டும். ரோஸ் நிறம் தேடி பஜாரில் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய் நாலையும் கேட்டேன். "நாலு வயசுப் புள்ளையா தம்பி?" என்றார். பிறந்தநாளுக்கு இல்லை, ஞாயிற்றுக்கு ஒன்றாகக் கொளுத்திக் காத்திருப்போம், அதற்குப் பிறகுதான் பாலன் யேசு பிறப்பார் என்று விளக்கினேன். நானா மெழுகுதிரியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"பொறக்காத புள்ளைக்கே இவ்வளவு வேலையா தம்பி!"

இரண்டு வரிசை

சனம் தங்கள் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்க மாத்தளையிலிருந்து இரண்டு பாதர்மார் வந்தார்கள். ஒருவர் தமிழர். மற்றவருக்குத் தமிழ் அரைகுறை. அந்த அரைகுறைப் பக்கம் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அதன் கடைசியில் எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் செபஸ்தியன் மாமா. "மாமா, அந்தப் பக்கம் ஆளே இல்லை" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பாதருக்கு விளங்காட்டி என்னப்பா, ஆண்டவருக்குத் தமிழ் தெரியுந்தானே!"

அந்தோனி அண்ணன் கேட்ட வேலை

ஆளில்லாத பக்கம் போனவர் ஒரே ஒருவர், அந்தோனி அண்ணன். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்குகிறவர். சாயங்காலம் கோயிலடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே சாராயத் தவறணை. அங்கே போனால் மனிதர் தள்ளாடித்தான் வீடு போவார். வெளியே வந்ததும் என்னிடம் நேராக வந்தார். நத்தார் வரைக்கும் குடிப்பதில்லை என்று மனைவி மேரி அக்காவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாராம். அக்கா அதை நம்பவில்லையாம்.

"சாயங்காலத்துல ஏதும் வேலை இருந்தா குடுங்க தம்பி. தவறணை மூடுற வரைக்கும் இழுக்கிற மாதிரி வேலை."

முடியாத கூரை

பாலன் குடில் கட்டுகிற வேலையைக் கொடுத்தேன். மூங்கில், வைக்கோல், சீமெந்துப் பேக்கைக் கசக்கிச் செய்த மலை. சில நாளில் அருமையாகக் கட்டிவிட்டார். அடுத்த சாயங்காலம் பார்த்தால் கூரையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். "கோணல் தம்பி." திரும்பக் கட்டினார். பிறகு குடில் வேண்டாம், குகைதான் நல்லது என்று எல்லாவற்றையும் பிரித்தார். பிறகு குகை இருட்டாக இருக்கிறது என்று மறுபடியும் குடில். எனக்கும் பொறுமை போய்விட்டது. "அண்ணே, எப்பதான் முடிப்பீங்க?" என்றேன். வைக்கோலைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"முடிச்சுட்டா நான் எங்க போறது தம்பி?"

மேரி அக்கா

இதெல்லாம் கமிட்டிக்குத் தெரியுமா? "மத்தக் கோயில்ல எல்லாம் குடில் ஜொலிக்குது, நம்ம கோயில்ல மூங்கில் கிடக்குது. நாளைக்கு வாலிபர் சங்கத்துப் பொடியன்மார்கிட்ட குடு, ஒரே நாள்ல முடிப்பாங்க" என்று செபஸ்தியன் மாமா வந்து நின்றார். அந்தோனி அண்ணன் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வாசலுக்கு அப்பால் எது இருக்கிறதென்று எனக்குத் தெரியும். மாமாவை எதிர்த்துப் பேசப் போனால் என் குரல் எனக்கே கேட்காது.

நல்லவேளை, பிளேன்டீ கொண்டு வந்த மேரி அக்கா வாசலில் நின்றார். அண்ணனின் கையில் கோப்பையைத் திணித்துவிட்டு மாமாவிடம் சொன்னார்: "இத்தன வருசத்துல இப்பதாங்க மாமா, இருட்டுனா என் வீட்டுக்காரரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியுது. அந்தக் குடில் அப்படியே கிடக்கட்டும்."

மாமா போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்து குடிலைச் சுற்றிப் பார்த்தார்.

"கூரை கொஞ்சம் கோணல் மாதிரி இருக்கே அந்தோனி, பிரிச்சுப் பாப்பமா?"

பூசை முடிந்து

பாதருக்கு இன்னும் இரண்டு தோட்டத்துக் கோயில்களுக்குப் போக வேண்டும் என்பதால் எங்களுக்கு நத்தார் பூசை முந்தின நாள் சாயங்காலமே. பாலனை வைக்கோலில் கிடத்தினார்கள். பாட்டு முடிந்து, கேக் துண்டு வாங்கிக்கொண்டு எல்லாரும் போனார்கள். மிச்சம் சாவியோடு நான். குடிலுக்கு முன்னால் அந்தோனி அண்ணன், வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு மேரி அக்கா.

"இத எப்ப பிரிக்கிறது தம்பி?"

"சனவரியில மூன்று ராசாக்கள் திருநாள் முடிஞ்சதும் அண்ணே."

கலைந்த வைக்கோலைச் சரிசெய்தார். "பிரிக்கிறதும் லேசுப்பட்ட வேலையில்ல. ஒவ்வொரு வைக்கோலா எடுக்கணும். அவசரப்படுத்தாதீங்க."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். தவறணையில் விளக்கு எரிந்தது. பேசிக்கொண்டே அதைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

அண்ணனும் மாமாவும் சேர்ந்து அத்தனை தரம் பிரித்துக் கட்டியும், அந்தக் கூரை மட்டும் கடைசிவரைக்கும் கோணல்தான்.